32 ஆயிரம் ரூபாய் கொடுத்து கொசுக்கடி! கேரவனில் ஏலகிரி போன குடும்பம் விடிய விடிய தவிப்பு

சென்னை, வில்லிவாக்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், ஓடும் வீட்டில் இரண்டு நாள் ராஜா மாதிரி இருக்க ஆசைப்பட்டு வாடகை கேரவனில் ஏலகிரிக்குப் புறப்பட்டது. போன இடத்தில் ராத்திரி பூராவும் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியது.

ஏ.சி. போட மறுத்த டிரைவருக்கும் குடும்பத்தாருக்கும் நடுராத்திரியில் ரோட்டோரத்தில் பெரிய தகராறே நடந்தது. ஆனால் பொழுது விடிந்ததும், கட்டிலுக்கு அடியில் டிரைவர் காட்டிய ஓர் ஓட்டை, சண்டை போட்டவர்களின் வாயை அடைத்துவிட்டது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மைத்துனர் யோசனை

குடும்பத் தலைவருக்கு வயது 46. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். பிளஸ்-1 படிக்கும் மகள், 7-ம் வகுப்பு படிக்கும் மகன், 72 வயதுத் தாயார். அதே தெருவில் குடியிருக்கும் மனைவியின் தம்பியையும் சேர்த்து மொத்தம் 6 பேர்.

2025-ம் ஆண்டு மே மாதம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "ஊட்டிக்குப் போகலாம், கொடைக்கானலுக்குப் போகலாம்" என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதியில் இருந்து அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைத்தாலும் லாட்ஜில் இடம் கிடைக்கவேண்டுமே!

மைத்துனர் ஒரு யோசனை சொன்னார்.

"லாட்ஜைத் தேடி நாம ஏன் மாமா போகணும்? லாட்ஜையே கூடக் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றபடி செல்போனில் படம் காட்டினார். மெத்தை, சோபா, டி.வி., பிரிட்ஜ், அடுப்பு, பாத்ரூம், ஏ.சி. எல்லாம் ஒரே வண்டிக்குள்.

"சினிமாக்காரங்க உக்கார்ற கேரவன் மாதிரியே இருக்கே!" என்று மகள் துள்ளிக் குதித்தாள்.

இரண்டு பகல், ஓர் இரவுக்கு வாடகை 32 ஆயிரம் ரூபாய். டீசல், டோல்கேட் தனி. ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்ள 5 ஆயிரம் டெபாசிட். ஊர், ஏலகிரி என்று முடிவாயிற்று. சென்னையில் இருந்து சுமார் 230 கிலோ மீட்டர். திருப்பத்தூர் மாவட்டத்தில் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மலைக்கு "ஏழைகளின் ஊட்டி" என்று பெயர்.

"ஏழைகளோட ஊட்டிக்கு 32 ஆயிரமாடா?" என்று பாட்டி கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எந்த நடிகர் வந்திருக்கார்?

சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்கு வரவேண்டிய வண்டி, காலை 9½ மணிக்கு வந்தது.

வந்த வண்டி தெருவுக்குள் நுழையவில்லை. குறுக்கும் நெடுக்கும் கேபிள் டி.வி. ஒயர்கள். வண்டியின் தலையிலோ ஏ.சி. பெட்டி. எம்.டி.எச். ரோட்டிலேயே நின்றுவிட்டது.

கேரவனைக் கண்டதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றிக்கொண்டார்கள். "ஷூட்டிங்கா? எந்த நடிகர் வந்திருக்கார்?" என்று ஒரே கூச்சல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலையில் பையும் கையில் புளிசாதத் தூக்குமாகப் பாட்டி ஏறியதைப் பார்த்ததும் சிரிப்பும் விசிலும் பறந்தன.

டிரைவருக்கு வயது 58. கோடம்பாக்கத்தில் 20 வருடம் சினிமா யூனிட்டுக்கு ஜெனரேட்டர் வேன் ஓட்டியவர். அதிகம் பேசாதவர். வண்டி கிளம்பும்முன் இரண்டே விஷயம் சொன்னார்.

"வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நிக்கக் கூடாது. அப்புறம், பாத்ரூம்ல பெருசு வேணாம் சார். கொட்டறதுக்கு வழியில எங்கயும் இடம் கிடையாது."

டீச்சர் திகைத்துப்போனார். "அப்ப பாத்ரூம் எதுக்குங்க இருக்கு?" என்று கணவரைக் கேட்டார். அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் ஜன்னலைப் பார்த்தார்.

தண்ணீர் காலி!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டதில் அலமாரி திறந்து டம்ளர், தட்டு எல்லாம் உருண்டன. வேலூர் வெயிலில் வண்டிக்குள் அடுப்பங்கரை மாதிரி தகித்தது. சர்க்கரை வியாதிக்காரரான பாட்டிக்காக ஐந்து இடத்தில் வண்டியை நிறுத்தவேண்டி வந்தது.

ஆம்பூரில் பிரியாணி சாப்பிட உட்காரும்போது மணி 4.

அதற்குள் மைத்துனர் ஒரு காரியம் செய்துவிட்டார். வியர்வை தாங்காமல், நிறுத்தியிருந்த வண்டிக்குள் ஷவரில் ஒரு குளியல் போட்டார். தொட்டியில் இருந்தது 100 லிட்டர். அதில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. குளித்த தண்ணீர் அடித்தொட்டியில் நிரம்பி, பாத்ரூம் தரையில் திரும்பி வந்து நின்றது.

மலை அடிவாரமான பொன்னேரிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள்.

"இவ்வளவு நீள வண்டியை ராத்திரியில ஏத்த மாட்டேன் சார். காலையில போவோம்" என்று டிரைவர் சொல்லிவிட்டார். குளுகுளு மலையில் போடவேண்டிய தூக்கம், கொதிக்கிற அடிவாரத்துக்கு வந்துவிட்டது.

முதலில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கப்போவது தெரிந்ததும் பங்க் ஊழியர்கள் விரட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு பரோட்டா கடைக்குப் பக்கத்தில், லாரிகள் நிற்கும் காலி மனையில் இடம் கிடைத்தது.

நடுராத்திரி தகராறு

சாப்பாடு முடியும்வரை ஜெனரேட்டர் ஓடியது. ஏ.சி. ஜில்லென்று வீசியது. "இப்பத்தான் கொடுத்த காசுக்கு சுகம்" என்று குடும்பத் தலைவர் காலை நீட்டினார். பிள்ளைகள் இருவரும் பின்பக்கக் கட்டிலில் ஏறிப் படுத்தார்கள்.

10½ மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. பேட்டரியில் கொஞ்ச நேரம் இழுத்த ஏ.சி., 11 மணிக்கு அதுவும் நின்றுவிட்டது.

மைத்துனர் கீழே குதித்தார்.

"என்னய்யா, ஏ.சி. நின்னு போச்சு?"

"ஜெனரேட்டரை நிறுத்திட்டேன் தம்பி. ஆளுங்க தூங்கும்போது ஓட்ட மாட்டேன்."

"அப்ப ஏ.சி. வண்டின்னு சொல்லி எதுக்கு 32 ஆயிரம் வாங்கினீங்க?"

"முழிச்சிருக்கிற வரைக்கும் ஓட்டினேனே. படுத்தா ஓட்ட மாட்டேன்."

வார்த்தை தடித்தது. பரோட்டா கடைக்காரர், லாரி கிளீனர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். குடும்பத் தலைவர் வண்டி ஓனருக்கு போன் போட்டார். தூக்கக் கலக்கத்தில் பேசிய ஓனர், "கஸ்டமர் கேக்கறாங்க இல்ல, போட்டுக் கொடு" என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார்.

அதற்கு டிரைவர் சொன்ன பதில்:

"ஓனர் வந்து இவங்க பக்கத்துல படுக்கட்டும். அப்புறம் போடறேன்."

சாவியை மடியில் செருகிக்கொண்டு, கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். "வடகரையில என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது சார்" என்று மட்டும் முணுமுணுத்தார். யாருக்கும் அது விளங்கவில்லை.

ஜன்னலைத் திறந்தால் கொசு. மூடினால் வேக்காடு. நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் வண்டி அதிர்ந்தது. மகன் அழுதான். டீச்சர் கணவரோடு பேசவில்லை. பாட்டி மட்டும் இறங்கிப்போய், கடைக்காரரின் கயிற்றுக் கட்டிலை வாங்கிப் போட்டு வேப்பமரத்தடியில் படுத்தார். அன்று ராத்திரி தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

கட்டிலுக்கு அடியில் ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. டீ குடித்துவிட்டு வந்த டிரைவர், "வாங்க சார், ஒண்ணு காட்டறேன்" என்று குடும்பத் தலைவரைக் கூப்பிட்டார். பிள்ளைகள் படுத்திருந்த மெத்தையைச் சுருட்டினார். கீழே இருந்த பிளைவுட் பலகையைத் தூக்கினார்.

பலகைக்கு நேர் கீழே ஜெனரேட்டர்! ஒயர் மேலே வருவதற்காகத் தரையில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஒயர் இரண்டு விரல் தடிமன். ஓட்டையோ கைமுஷ்டி நுழையும் அளவு. சுற்றிலும் கரி படிந்திருந்தது.

"ராத்திரி இது ஓடியிருந்தா புகை எங்கே வந்திருக்கும், சொல்லுங்க? வடகரையில செத்த ரெண்டு பேரும் என்னை மாதிரி வண்டிக்காரங்கதான் சார்" என்றார் டிரைவர்.

குடும்பத் தலைவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனர் ஒன்றும் பேசாமல் போய் டிரைவருக்கு இன்னொரு டீ வாங்கிவந்தார்.

வடகரையில் நடந்தது என்ன?

கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்குப் பக்கத்தில் கரிம்பனப்பாலம் என்ற இடம். அங்கே தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கேரவன் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. சந்தேகப்பட்டு 2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி திறந்து பார்த்தபோது, உள்ளே 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஒருவர் கட்டிலில். இன்னொருவர் கதவுப் பக்கம். இருவரும் வண்டியோடு வந்த ஊழியர்கள். ஏ.சி. போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தவர்கள், மறுபடி கண் விழிக்கவில்லை.

கொலையா, தற்கொலையா என்று முதலில் பரபரப்பு. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே பரவியது தெரியவந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்ட 2 மணி நேரத்துக்குள், பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு 900 பங்கையும் தாண்டியிருந்தது. அந்த அளவில் இரண்டு, மூன்று மணி நேரம் கிடந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடும்.

கேரவனில் மட்டும் அல்ல. கொடைக்கானலில் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோழி வாட்டிய கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய 2 பேர் இறந்துபோனதும் இதே மாதிரிதான்.

கோடம்பாக்கத்தில் எப்படி?

"நடிகர், நடிகைகள் நாள் பூரா கேரவனில் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கத் தோன்றும்.

ஷூட்டிங்கில் பெரும்பாலும் ஜெனரேட்டர் வேன் தனி. சத்தம் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்பதால் அதைத் தள்ளி நிறுத்துவார்கள். அங்கிருந்து கேபிள் போட்டுத்தான் கேரவனுக்குக் கரண்டு எடுப்பார்கள். ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் கேரவன் ஷெட்டுக்குப் போகும். நட்சத்திரம் வீட்டுக்குப் போகும்.

வாடகை கேரவனில் நிலைமை வேறு. குடும்பமே உள்ளே படுத்துத் தூங்குகிறது. பேட்டரியில் ஏ.சி. ஓடாதா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 200 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது மொத்தமே 2,400 வாட்-மணி. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு சுமார் 1,500 வாட்-மணி சாப்பிடும். பேட்டரியைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். விடியும்வரை ஏ.சி. வேண்டும் என்றால் ஒன்று ஜெனரேட்டர் ஓடவேண்டும். இல்லாவிட்டால் வெளியில் இருந்து மின் இணைப்பு வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வண்டிகள் ராத்திரி தங்க அதற்கென்றே மைதானங்கள் இருக்கின்றன. நிறுத்தியதும் கரண்டு பிளக், தண்ணீர் குழாய், கழிவைக் கொட்டத் தனிக் குழி எல்லாம் கிடைக்கும். கேரள அரசு 2021-ம் ஆண்டு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, வண்டிகளோடு கேரவன் பார்க்குகளையும் சேர்த்தே அறிவித்தது. 2022-ம் ஆண்டு வாகமனில் முதல் பார்க் திறக்கப்பட்டது. பார்க் இல்லாத ஊருக்குப் போகும் கேரவன், மெத்தை போட்ட பஸ், அவ்வளவுதான்.

வில்லிவாக்கம் குடும்பம் தங்கியது, பரோட்டா கடை மனையில்.

14 வளைவு, 20 நிமிடம்

காலையில் மலை ஏறினார்கள். வளைவுக்கு வளைவு வண்டியை முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பவேண்டியிருந்தது. பின்னால் கார்கள் வரிசை கட்டி ஆரன் அடித்தன. ஒரு வளைவில் பக்கவாட்டுக் கண்ணாடி தடுப்புச் சுவரில் உரசி உடைந்தது.

மேலே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புங்கனூர் ஏரிப் பக்கம் காருக்கே இடம் இல்லை. கேரவனை ஒரு கிலோ மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, வெயிலில் எல்லோரும் நடந்தார்கள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, 20 நிமிடம் படகில் போனார்கள். இரண்டு நாளில் கிடைத்த உல்லாசம் அந்த 20 நிமிடம்தான். ஏரிக்கரையில் உட்கார்ந்து காபி போட்டுக் குடிக்கவேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டு எடுத்து வந்த டிகாஷன், பாட்டிலோடு திரும்பியது.

ராத்திரி 11 மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். "பஸ்ல போயிருந்தா 4 ஆயிரத்துல முடிஞ்சிருக்கும். வேப்பமரக் காத்தும் கிடைச்சிருக்கும்" என்றார் பாட்டி. இந்தத் தடவை எல்லோர் காதிலும் விழுந்தது.

எடுக்கும்முன் கேளுங்கள்!

குடும்பத்தோடு கேரவன் எடுக்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்முன் கவனிக்கவேண்டியவை:-

வண்டிக்கு வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு இருக்கிறதா? பெர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா? சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்கு நடையாய் நடக்கவேண்டி வரும்.

கேரவன் எப்படிக் கட்டப்படவேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. வண்டி அதன்படி கட்டப்பட்டதா, பழைய வேனில் கட்டில் அடித்ததா?

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது? கட்டிலைத் தூக்கிப் பாருங்கள். தரையில் ஓட்டை இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

விஷவாயு வந்தால் அலறும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அது உள்ளே மாட்டியிருக்கிறதா?

ராத்திரி தங்கும் இடத்தில் மின் இணைப்பு உண்டா? இல்லை என்றால், ஏ.சி. இல்லாமல்தான் தூங்கவேண்டும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு ஜெனரேட்டரை ஓட்டலாம் என்பதும் ஆபத்து. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு காரில் தூங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

2 ஆயிரம் பிடித்தம்

திங்கட்கிழமை டெபாசிட்டைத் திருப்பி வாங்கப்போனார் குடும்பத் தலைவர். உடைந்த கண்ணாடிக்காக 2 ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு, மீதி 3 ஆயிரத்தை ஓனர் கொடுத்தார். பணத்தை எண்ணிக்கொண்டே, "அந்த ஓட்டையை அடைச்சாச்சா?" என்று குடும்பத் தலைவர் கேட்டார்.

"அதெல்லாம் பார்த்துக்கறோம் சார்" என்று பதில் வந்தது.

அந்தக் கேரவன் அடுத்த சனிக்கிழமைக்கும் புக் ஆகியிருந்தது. இன்னொரு குடும்பம், 5 பேர். கஸ்டமர் பேச்சைக் கேட்காத பழைய டிரைவரை ஓனர் நிறுத்திவிட்டார். வண்டியை எடுக்கப் புது ஆள் வந்தாயிற்று.